அடுப்படிக்கும் ஓர் உபயம்

பசியை வயிற்றுத் தீ என்று சொல்வது நம் வழக்கம். அந்தத் தீயை அணைக்க வேண்டுமானால் இன்னொரு தீயை மூட்டியாக வேண்டும். அதுதான் அடுப்புத் தீ. மணிமேகலை காப்பியத்தில் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியை அமுதசுரபிச் சோறு தணித்தது. எடுக்க எடுக்கக் குறையாத அந்தப் பாத்திரத்துக்கு அடுப்பு தேவைப்படவில்லை. நம்மிடம் அமுதசுரபி இல்லை. ஆகவே நம் ஆலயங்களில் அன்னதானம் நடக்க வேண்டுமானால், யாரோ ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நீராடி, அடுப்பு மூட்டித்தான் ஆக வேண்டும்.

அடியேன் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் ஆலயத்தின் அன்னதானச் சமையற்கட்டோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்புடையவன். காய் நறுக்கியிருக்கிறேன், பந்தி பரிமாறியிருக்கிறேன், சில ஆண்டுகள் பொருளாளராகக் கணக்கும் எழுதியிருக்கிறேன். விறகிலும் கரியிலும் சமைப்பதைப் பற்றி நான் அறிந்தவற்றை அன்பர்களுக்கும் உபயதாரர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொருளாளராக இருந்தபோது நான் செய்த ஒரு பிழையையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சூளையால் பெயர் பெற்ற ஊர்

நாம் வாழும் இந்தப் பகுதிக்கும் நெருப்புக்கும் பழைய உறவு உண்டு. 1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் பட்டணம் முதலில் தீயாலும் பின்னர் வெள்ளத்தாலும் பெருஞ்சேதம் அடைந்தது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் இனி உதவா, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் ஏற்பாடு செய்தார். களிமண் கிடைத்த ஓரிடத்தில் செங்கற்சூளைகள் எழுந்தன. அந்தச் சூளைகளின் பெயரைத்தான் பிரிக்பீல்ட்ஸ் இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னர் இரயில்வே வேலைக்கு வந்த தமிழர்கள் இங்கே குடியேறினார்கள், கோயில்கள் எழுந்தன, 2010 அக்டோபரில் இப்பகுதி 'லிட்டில் இந்தியா' என்று அதிகாரபூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. பொங்கல் வந்தால் இங்கும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மண்பானையும் கரும்பும் குவிந்து கிடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

நான் பிறந்தது கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில். அங்கே விறகு என்றால் பால்மரக்கட்டைதான். மறுநடவுக்காக வெட்டித் தள்ளிய மரங்களை ஆண்கள் பிளந்து போட, பெண்கள் லயத்தின் பின்புறம் அடுக்கி வைப்பார்கள். 1980-களில் பால்மரம் நாற்காலி மேசை செய்யும் மரமாக மதிப்புப் பெற்ற பிறகு, சும்மா கிடைத்த விறகு விலைப்பொருளாகிவிட்டது. அதற்குள் பெரும்பாலான வீடுகளுக்குக் கேஸ் அடுப்பும் வந்துவிட்டது. ஆலயச் சமையற்கட்டுகளில் சிலவற்றில்தான் பெரிய அண்டாக்களின் பொருட்டும், பழக்கத்தின் பொருட்டும் விறகு தங்கிவிட்டது.

விறகு எப்படி எரிகிறது?

விறகு மூன்று கட்டமாக எரிகிறது. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. அடுத்து, சூடேறிய கட்டையிலிருந்து ஒருவகை வாயு வெளிப்படுகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். வாயு தீர்ந்த பிறகு மிஞ்சுவது கரி. அது சுவாலையில்லாமல் செக்கச்செவேலென்று கனலும். அதைத்தான் தணல் என்கிறோம்.

புகை என்பது எரியாமல் தப்பிப்போன விறகே. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். அந்தத் தண்ணீரை விரட்டுவதிலேயே நெருப்பின் வலுவெல்லாம் போய்விடும், வாயு சரியாக எரியாது, புகை மண்டும். மழை மிகுந்த நம் நாட்டில் விறகைக் கூரைக்கடியில், தரையில் படாமல், இடைவெளி விட்டு அடுக்கிப் பல மாதம் உலர்த்த வேண்டும் என்பது இதனால்தான். இரண்டு கட்டைகளைத் தட்டினால் காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மொத்தென்று ஒலிக்கும்.

அடுப்பில் விறகைத் திணிப்பதும் தவறு. நெருப்புக்குச் சோறு விறகு என்றால் மூச்சு காற்று. சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் இடம் விட்டு மூட்டினால் ஊதுகுழலுக்கு வேலையே இராது. பெரிய கட்டைகளின் நுனி மட்டும் நெருப்பில் இருக்க வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ளலாம். வேகம் மிகுந்தால் வெளியே இழுக்கலாம். கேஸ் அடுப்பின் திருகு செய்கிற வேலையை இங்கே கொள்ளிக்கட்டை செய்கிறது.

தணலின் பக்குவம்

எங்கள் சமையற்கட்டில் பல ஆண்டுகள் தலைமைச் சமையற்காரராக இருந்த பெரியவர் ஒருவர் எனக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தார். "சோத்துக்குச் சுவாலை, பாயசத்துக்குத் தணல், வடைக்கு ரெண்டுக்கும் நடுவுல" என்பார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். உலை கொதிக்கும்வரை சுவாலை அண்டாவின் அடியை முழுவதும் தழுவ வேண்டும். அரிசி முக்கால் பதம் வந்ததும் கட்டைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். மிச்ச வேலையைத் தணலும் அண்டாவின் சூடும் பார்த்துக்கொள்ளும். பாலும் வெல்லமும் சேர்ந்த பாயசமும் சர்க்கரைப் பொங்கலும் சுவாலையில் அடிப்பிடிக்கும். அவற்றைத் தணலில் வைத்துத் துடுப்பால் இடைவிடாமல் கிளற வேண்டும். வடைச் சட்டிக்குச் சீரான, மிதமான சூடு வேண்டும். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அது எச்சரிக்கை. எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொள்ளிகளை இழுத்துவிட்டுச் சட்டியைத் தட்டால் மூடிவிட வேண்டும்.

பாத்திரம் கரிபிடிக்காமலிருக்க அடுப்பிலேற்றுமுன் அதன் வெளிப்புறத்தில் களிமண்ணோ குழைத்த சாம்பலோ பூசுவார் பெரியவர். கழுவும்போது கரி அந்தப் பூச்சோடு போய்விடும். சமையல் முடிந்த பின்னும் தணலை வீணாக்கமாட்டார். கத்தரிக்காயில் நாலைந்து துளை குத்தித் தணலில் புரட்டித் தோலுரித்துக் கொத்சு செய்வார்; துளை குத்தாவிட்டால் காய் வெடிக்கும். அப்பளத்தை இடுக்கியால் பிடித்து இரண்டு நொடி காட்டுவார். ஜப்பானியர் காலத்தில், அதாவது 1942 முதல் 1945 வரை, அரிசி கிடைக்காதபோது மரவள்ளிக்கிழங்கை நன்றாகத் தோலுரித்து ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, சாம்பல் மூடிய தணலில் புதைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைத் தம் தாயார் சொல்லக் கேட்டதாகச் சொல்வார்.

கரி வரும் வழி

வேள்விக் குண்டத்துக்குச் சமித்து. தூபக்காலுக்கும் சிறு அடுப்புக்கும் கரி. நம் நாட்டில் பேர்பெற்ற கரி, பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்துக் கரி. பேராக் மாநிலத்தில் மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 எக்டர் பரப்புடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால் அதே இடத்தில் மறுபடி வெட்ட 30 ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். இடையில் நெருக்கத்தைக் குறைக்கச் சில மரங்களை மட்டும் களைந்து எடுப்பார்கள்.

அங்கே கோலா செப்பத்தாங் என்னும் ஊரில் கரிச்சூளைகள் இருக்கின்றன. முன்பு போர்ட் வெல்ட் என்று பெயர் பெற்றிருந்த இதே ஊருக்குத்தான் 1885 ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் இரயில் ஓடியது. பட்டை உரித்த கட்டைகளைக் கவிழ்த்த கிண்ணம் போன்ற செங்கற்சூளைக்குள் நிமிர்த்தி அடுக்குகிறார்கள். கட்டைகளில் நெருப்பு வைப்பதில்லை. சூளையின் வாயில் எரியும் நெருப்பின் வெப்பம் உள்ளே சென்று ஈரத்தையும் வாயுவையும் விரட்டுகிறது. எந்த நேரத்தில் வாயை அடைக்க வேண்டும் என்பதை வெளிவரும் புகையின் நிறமும் மணமும் கொண்டே தேர்ந்தவர்கள் அறிகிறார்கள். அடுக்கியது முதல் ஆறவிட்டு எடுப்பது வரை ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும்.

ஆகவே கரி புகைவதில்லை என்றால், அது விடவேண்டிய புகையைச் சூளையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது என்றுதான் பொருள். ஆனால் இங்கே ஓர் அபாயம் உண்டு. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கதவடைத்த அறையில் கரியடுப்பு வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் எழாமலே போனதுண்டு. மழைக்காகவோ காற்றுக்காகவோ கரியடுப்பை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவது எக்காரணம் கொண்டும் கூடாது.

அணையா அடுப்பு

அடுப்பு என்றதும் தமிழர் நெஞ்சில் எழ வேண்டிய ஊர் வடலூர். பசித்தவர்க்குச் சோறிடுவதே தலையாய அறம் என்று கண்ட இராமலிங்க அடிகளார் 1867 மே 23-ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலத்தைக் கொடுத்தார்கள். அன்று அடிகளார் மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு என்று போற்றப்படுகிறது. அதில் இன்றும் விறகிட்டுச் சோறு சமைக்கிறார்கள்.

ஓர் அடுப்பு ஒன்றரை நூற்றாண்டு அணையாமலிருக்கிறது என்றால், அத்தனை ஆண்டும் ஒருவர் மாற்றி ஒருவர் அதன் முன் அமர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். நிலம் கொடுத்தவர்களை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அடுப்பெரித்தவர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் நான் என் பிழைக்கு வருகிறேன்.

பொருளாளர் செய்த பிழை

1998-ஆம் ஆண்டு என்று நினைவு. பெரியவர் என்னிடம் வந்து, "தம்பி, அடுப்புக்கு மேல ஒரு புகைபோக்கி வச்சுக் குடுங்க. ஜன்னல் ஒண்ணுதான் இருக்கு. பொம்பளைங்க இருமிக்கிட்டே இருக்காங்க" என்றார். தமக்கென்று அவர் கேட்கவில்லை. நான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவ்வாண்டு மண்டபத் தரைக்குப் பளிங்குக்கல் பதிக்க உபயம் வந்திருந்தது, குத்துவிளக்குகளுக்கு வந்திருந்தது, எல்லாவற்றிலும் உபயதாரர் பெயர் பொறிக்கப்பட இருந்தது. புகைபோக்கிக்கென்று எவரும் கொடுக்கவில்லை. நானும் எவரிடமும் கேட்கவில்லை. "அடுத்த வருஷம் பார்ப்போம், ஐயா" என்றேன். அடுத்த ஆண்டும் அதையே சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் நம் பகுதியை மூடியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்ட, கிள்ளான் துறைமுகத்திலும் கோலா சிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பள்ளிகளை மூடினார்கள். முகமூடி வாங்கக் கடைகளில் கூட்டம் நெருக்கியது. அந்த வாரம் நானும் முகமூடி அணிந்து சமையற்கட்டுக்குள் போனேன். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க எல்லாரும் இப்பத்தான் முகமூடி போடுறீங்க, தம்பி. நான் இந்தப் புகையை முப்பது வருஷமாச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அது அடங்க நெடுநேரம் ஆயிற்று.

பின்னர் மருத்துவர் அவருடைய நுரையீரல் வெகுவாகப் பழுதுபட்டிருக்கிறது என்றார். பெரியவர் பீடி, சுருட்டு எதையும் தொட்டறியாதவர். வீட்டுக்குள் விறகு, கரி, சாணம் போன்றவற்றை எரிப்பதால் வரும் புகை, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேரின் உயிரைக் கொண்டுபோனதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நுரையீரல் நோய் மட்டுமல்ல. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் அப்புகை காரணமாகிறது. புகையிலுள்ள நுண்துகள்கள் கண்ணுக்குத் தெரியாதவை. அவை நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியவை.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் நானே எழுதினேன்: 'சமையற்கட்டுப் புகைபோக்கிக்கு உபயம் வேண்டும்.' முதல் இரண்டு வாரம் ஒருவரும் வரவில்லை. மூன்றாவது வாரம், ஆலய வாசலில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாள் ஐம்பது வெள்ளியை மடித்துக் கொண்டுவந்து தந்தார். இரசீதுக்குப் பெயர் கேட்டேன். "பேரு எதுக்குங்க? நானும் விறகடுப்புல வெந்தவதான்" என்றார். அதை வெள்ளிக்கிழமை பூசைக்குப்பின் அன்பர்களிடம் சொன்னேன். அன்று மாலைக்குள் பாதித் தொகை சேர்ந்துவிட்டது. 2006 தைப்பூசத்துக்கு முன் புகைபோக்கி எழுந்தது. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, புகை நேராக மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பின் அவர் இரண்டாண்டுக்கும் குறைவாகவே இருந்தார்.

செய்யத்தக்கவை

இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் ஆலயச் சமையற்கட்டை ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டுகிறேன். சுவரும் கூரையும் கறுத்திருந்தால், அந்தக் கறுப்பில் ஒரு பங்கு சமைப்பவர் நெஞ்சிலும் படிந்திருக்கிறது என்று அறியலாம். அங்கே செய்யத்தக்கவை சில உண்டு.

முதலாவது, புகைபோக்கி. சூடான காற்று மேலே எழும் இயல்பினால் அது தானே புகையை இழுக்கும். ஆனால் அடுப்பின் கீழ்ப்புறத்தில் காற்று நுழைய வழி இருக்க வேண்டும். குழாயின் வாய் கூரையின் உச்சிக்கு மேல் நிற்க வேண்டும். உள்ளே படியும் கரியை அவ்வப்போது துடைக்க வேண்டும். விறகைத் தரையில் வைக்காமல் இரும்புச் சட்டத்தின்மேல் வைத்தால் அடியிலும் காற்றோடி நன்றாக எரியும், விறகும் மிச்சமாகும்.

இரண்டாவது, அன்றாடச் சோற்றுக்கும் குழம்புக்கும் கேஸ் அடுப்பு. விறகுச் சமையலின் ருசி வராதே என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் வாதாடினேன். ஒரு வெள்ளிக்கிழமை, சாம்பாரை ஓர் அண்டா விறகிலும் ஓர் அண்டா கேஸிலும் வைத்து, சொல்லாமல் பரிமாறினோம். பந்தியில் இருந்தவர்களால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூடிய அண்டாவுக்குள் புகை அதிகம் புகுவதில்லை. ருசி பெரும்பாலும் பக்குவத்தில் இருக்கிறது. தணலில் நேரே சுடும் கத்தரிக்காயின் மணம் மட்டும் கேஸுக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். பொங்கலன்று வாசலில் விறகடுப்பு மூட்டிப் பானை வைப்பதையும் விட வேண்டியதில்லை. அது திறந்தவெளியில், சில மணி நேரம் நடப்பது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே கலன்களை வெளியே வைத்து, அறையின் கீழ்ப்பகுதியிலும் காற்றுவழி விட வேண்டும். சீரடியில் 2009-இல் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். மரபு கெடாமலே அடுப்பு மாறலாம் என்பதற்கு அது சான்று.

மூன்றாவது, சமைப்பவர் உடல். அடுப்படியில் பருத்தி உடையே நல்லது; நைலான் சேலை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கஞ்சி வடிக்கும் நேரமே மிக ஆபத்தானது. ஆகவே முழு அண்டாவை இருவர் தூக்கிச் சாய்க்கும் வழக்கத்தை விட்டு, அடியில் குழாய் வைத்த அண்டா வாங்கலாம். கையுறையும் மூடிய காலணியும் வேண்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, சோயா சாஸ், வெண்ணெய் எதையும் பூசக்கூடாது. பெரிய காயமானால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு ஒரு திருவிழா அலங்காரச் செலவைவிட அதிகமாக இராது. அரிசி மூட்டை தருபவரின் புண்ணியம் குறைந்ததென்று நான் சொல்லவில்லை. உண்பவர் பசி தீர்வதோடு சமைப்பவர் மூச்சும் காக்கப்பட்டால்தான் அன்னதானம் நிறைவு பெறும் என்கிறேன். இந்த ஆண்டு உபயம் எழுதும்போது அன்பர்கள் அடுப்படிக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டுகிறேன். அந்த வரியை ஏழு ஆண்டு எழுதாமல் விட்டவன் என்ற முறையில்தான் இதைக் கேட்கிறேன்.

அடுப்பெரிப்பவர் அனைவரும் நலமாய் வாழ இறைவன் அருள் புரிவானாக.